இரண்டு டிக்கெட், ஒரு கையெழுத்து

நல்லசிவம் சார் இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, சான் ரமோனில் எங்கள் ஆபீஸில் எல்லோருக்குமாக வந்த மின்னஞ்சல் அது. இரண்டே வரி. யார் சொன்னது, எப்போது நடந்தது, ஒரு விவரமும் இல்லை. இதே செய்தி வேறு யாரைப் பற்றியாவது வந்திருந்தால், "பாத்தது யாருங்க?" என்று முதலில் கேட்டிருப்பவர் அவர்தான். ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து சீட்டில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பழக்கத்தில் அவருடைய மேசை எண்ணுக்குப் போன் செய்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அதன்பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அவர் மனைவி ருக்மணி அக்கா எடுத்தார். "ஆமா அம்மிணி. நேத்துக் காத்தால. காபி குடிச்சுப்போட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். குரலில் அழுகை இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. சாவு வீட்டுக்குப் போன் செய்யும்போதுகூட இந்தப் புத்தி என்னை விடவில்லை பாருங்கள். இந்தப் புத்தியால் நான் அவருக்குச் செய்ததை, அவரைத் தெரிந்த உங்கள் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரை இரண்டு காரணங்களுக்காகத் தெரியும். ஒன்று, அவர் கார் ஓட்டமாட்டார். இரண்டு, வருடம் தவறாமல் செப்டம்பரில் இரண்டு வாரம் தனியாகத் தெற்கு ஐரோப்பா போய்வருவார். இந்த ஊரில் ஆண்பிள்ளை ஒருவர் கார் ஓட்டவில்லை என்றால் நாம் சும்மா விடுவோமா? டெக்சாஸில் இருந்தபோது யாரையோ இடித்துவிட்டாராம், குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் போய்விட்டதாம் என்று ஆளுக்கொரு கதை. நான் கதை கட்டவில்லை. நேராகவே கேட்டேன். அவர் சொன்ன பதில்: "ஃப்ரீவேல பக்கத்துல வர்றவன் எல்லாம் ஒழுங்கா ஓட்டுவான்னு நம்பித்தானுங்க ஓட்டணும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லீங்க." அதனால் தினமும் காலையில் ருக்மணி அக்கா தன் வேனில் அவரை வால்நட் க்ரீக் நிலையத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து அவருக்குப் பஸ். பஸ் டிரைவரை மட்டும் எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, அந்த வழியில் ஓட்டும் நான்கு பேரையும் முதல் மாதமே பின்னால் உட்கார்ந்து கவனித்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் வேலையும் அப்படித்தான். நாங்கள் மென்பொருள் சோதிப்பவர்கள். மற்றவர்கள் எழுதி முடித்ததில் என்ன கோளாறு என்று தேடுவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொன்றும் வெளியே போகும் முன் ஒரு தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். சோதித்தவர் ஒன்று போடுவார். அவர் சொல்வதைக் கேட்காமல் தானாகவே சரிபார்த்த வேறொருவர் இரண்டாவதைப் போடுவார். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பரபரப்பில் மேனேஜர் தாளை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்த நாட்கள் உண்டு. நல்லசிவம் சாரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பாத்துப்போட்டுச் சொல்றனுங்க." அமெரிக்க மேனேஜருக்கும் இதைத் தமிழில்தான் சொல்வார். பாவம், அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது கையெழுத்துக்கு அவர் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. என்னைத்தான் கூப்பிடுவார். எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்க என்னை ஏன் என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் புகழ்ச்சியை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். "நீங்க என்னையும் நம்பமாட்டீங்க. அதனாலதானுங்க" என்றார்.

ஐரோப்பாவுக்கு வருவோம். நம் ஆட்கள் வெளியூர் போனால் கோபுரம் தெரிய, குடும்பம் தெரிய, கூலிங் கிளாஸ் தெரியப் படம் எடுப்பார்கள். நல்லசிவம் சார் கொண்டுவரும் படங்களில் ஒரு முகம் இருக்காது. டொலேடோ என்பார், படத்தில் பஸ் நிலையத்துப் படிக்கட்டு இருக்கும். லிஸ்பன் என்பார், டிராம் வண்டியின் வாசல் இருக்கும். நேப்பிள்ஸில் ஒரு மூடிய கதவு. எங்கள் வீட்டு விருந்து ஒன்றில் இந்தப் படங்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி என் காதருகே குனிந்து, "கூட வர்றவங்க படத்துல விழுந்துடக்கூடாதுன்னுதான் இப்படி எடுக்கறார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ருக்மணி அக்கா சமையலறையில் இருந்தார். கேட்டிருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன்.

கேட்டிருந்தது. தொண்ணூற்றொன்பதில், லிவர்மோர் கோயிலுக்குப் போயிருந்தபோது, பிரசாதத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் என் கணவர் சேகரும் அந்த செப்டம்பரில் இத்தாலி போவதாக இருந்தோம். நல்லசிவம் சாரும் அதே வாரம் அங்கேதான் போகிறார். அவரோடு சேர்ந்தே போய்வாருங்கள் என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை தானும் அவரோடு போனதைச் சொன்னார். வோல்ட்டெரா என்று ஒரு மலையூர். ஞாயிற்றுக்கிழமை. பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும், அந்த பஸ் வரவில்லை. "அன்னிக்கு மானமே போச்சு. அதெல்லாம் இப்ப எதுக்கு. இனிமே என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். "சொன்னா? அப்படியே விட்டுப்போடறதா? ஆறு வருசமா ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடல அம்மிணி. அங்க என்னதான் இருக்குது? நீ எதையும் விடாம பாக்கறவ. பாத்துட்டு வந்து சொல்லு."

இப்படித்தான் நான் வேவுக்காரியாகப் போனேன். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. உண்மையைச் சொன்னால் மூக்கில் வியர்த்துவிட்டது.

ஃப்ளாரன்ஸில் தங்கினோம். முதல் நாள் சியெனா. ரயில் இருக்கிறதே என்றார் சேகர். ரயில் நிலையம் மலைக்குக் கீழே இருக்கிறது, பஸ் ஊருக்குள்ளேயே ஏறி இறக்கிவிடும், பஸ்தான் என்று நல்லசிவம் சார் ஒற்றைக் காலில் நின்றார். அங்கே பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்கவேண்டும். எங்களுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கும் இரண்டு வாங்கினார். பார்த்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி இரண்டையும் பெட்டியில் செருகி முத்திரை குத்தினார். டிரைவருக்குப் பின்னால், படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்தார். தான் அதை ஒட்டி உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த ஒருவர் பையைக் காட்டி ஏதோ கேட்க, அவரிடம் இரண்டாவது டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். சேகர் என்னிடம், "வர்ற வழியில யாராவது ஏறுவாங்களோ?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

யாரும் ஏறவில்லை. ஆனால் ஊருக்குள் போனதும் மனிதர் விநோதமாகத்தான் நடந்துகொண்டார். மாதா கோயிலைப் பார்க்கவில்லை. பெரிய சதுக்கத்தில் எல்லோரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்க, இவர் குனிந்து தரையைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு வந்தார். மதியம் சாப்பிட்டதும், "ஒரு சின்ன வேலைங்க, நீங்க சுத்திப் பாருங்க" என்று எழுந்து போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் ஏதோ எழுதினார். நான் பக்கத்தில் போனதும் மூடிவிட்டார். மறுநாளும் அதேதான். இரண்டு டிக்கெட், மதியம் ஒரு மணி நேரம் காணவில்லை, நோட்டு.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரோடு போனால் எந்த வண்டியும் தவறாது. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். "டைம்டேபிளை நம்பலாமுங்க. அதுக்கு அடியில இருக்கிற பொடி எழுத்தைப் படிக்காம நம்பக்கூடாது" என்பார். பள்ளிக்கூட நாட்களில் மட்டும், ஞாயிறு கிடையாது, சந்தை நாளில் வேறு வழி என்று எல்லாச் சூதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்குமாம். எங்கள் கடைசிக்கு முந்தின நாள், நடைமேடையில் இருந்த மஞ்சள் பெட்டியில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தாமல் ரயிலில் ஏறப்போன சேகரை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அன்றைக்குத்தான் லுக்கா போனோம்.

லுக்கா தட்டையான ஊர். சுற்றிலும் பருத்த மதில், மதில் மேல் மரங்கள், உள்ளே சைக்கிள்கள். ரயில் நிலையத்திலிருந்து கால் வலிக்காமல் உள்ளே நடந்துவிடலாம். மதியம் அவர் வழக்கம்போல எழுந்ததும், சேகரை ஐஸ்கிரீம் கடையில் உட்காரவைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். இரண்டு தெரு தாண்டி, ஒரு வீட்டு மணியை அடித்தார். நான் எதிரே ஒரு சைக்கிள் கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஒரு பெண் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு, முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள், தெரிந்தவரைக் குலுக்குவதுபோல. உள்ளே போனார். பத்து நிமிடம். வெளியே வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஏழு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. சுவரில் நோட்டை வைத்து என்னவோ எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

திரும்பி வரும் ரயிலில் மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரு எப்படீங்க வசந்தா? உங்க அபிப்பிராயம் வேணும்" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு, சார். உங்களுக்கு" என்றேன்.

"அப்ப நீங்களும் பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் வந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்ன நெஞ்சழுத்தம் இந்த மனிதருக்கு என்று சேகரிடம் புலம்பினேன்.

ஊருக்குத் திரும்பியதும் ருக்மணி அக்கா வேனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வேனில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கேட்டார். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: பார்த்ததை மட்டும் சொல், காரணத்தை நீ ஊகிக்காதே. அந்த விதிப்படிதான் சொன்னேன். எப்போதும் இரண்டு டிக்கெட் வாங்குகிறார், மதியம் தனியாகப் போகிறார், லுக்காவில் ஒரு வீட்டுக்குப் போனார், பத்து நிமிடம் இருந்தார். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் "கதவைத் திறந்தது" என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, எதிரே பார்த்துக்கொண்டு, "ஒரு பொம்பளைக்கா" என்றேன். அந்த நிறுத்தம் நான் பார்த்தது இல்லை. என் சொந்தச் சரக்கு.

நான் இறங்கியதும் அக்கா வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து நல்லசிவம் சார் நிலையத்துக்கு நடந்து போக ஆரம்பித்தார். டிபன் டப்பா வருவது நின்றது. மதியம் இயந்திரத்தில் வாங்கிய ரொட்டியைத் தின்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டுத் திருந்தட்டும் என்று நினைத்தேன். எனக்கும் அவருக்கும் இடையே வேலைப் பேச்சு மட்டும்தான். ஒருமுறை தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, என்மேல ஏதாவது கோபமுங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். அதற்குப் பிறகும் இரண்டாவது கையெழுத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டுக்கொடுத்தேன். மறு செப்டம்பர் வந்தது. அந்த வருடம் அவர் எங்கும் போகவில்லை. குட்டு உடைந்துவிட்டது, அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து, டெக்சாஸிலிருந்து வந்திருந்த மகன் திரும்பிப் போன மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் சாரின் ஆபீஸ் பை. பக்கத்தில் அந்த நீல நோட்டு. "பையில இருந்துது. எனக்குப் படிக்கத் தெம்பில்ல. நீயே படி. என்ன இருந்தாலும் மறைக்காம படி" என்றார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் எதிர்பார்த்தோம் என்று இப்போது சொல்லத் தயக்கமில்லை. ஏதோ ஒரு பெண்ணின் பெயர்.

ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

முதல் பக்கம் டொலேடோ. "பஸ் நிலையம் பள்ளத்தில். ஊர் மேலே. படிகள் எண்ண முடியவில்லை. ருக்குவுக்கு ஆகாது." அடுத்தது கிரனாடா. "கோட்டைக்குச் சின்ன பஸ் போகிறது. உட்கார இடம் கிடைப்பதில்லை. கழிப்பறையை மதியம் பூட்டுகிறார்கள். ருக்குவுக்கு ஆகாது." லிஸ்பனில் டிராம் வாசற்படி முழங்காலுக்கு மேல் உயரம். நேப்பிள்ஸில் நிலையக் கழிப்பறைக் கதவு மூடியே கிடக்கிறது, மூன்று வேளை போய்ப் பார்த்தாயிற்று. சியெனாவில் பஸ் நல்லது, "முன்சீட்டில் பை வைத்துப் பார்த்தேன். டிக்கெட் இருப்பதால் எழுப்பவில்லை. ருக்கு முழுத் தூரமும் உட்கார்ந்து வரலாம். ஆனால் கழிப்பறைக்கு இருபத்திரண்டு படி இறங்கவேண்டும். சதுக்கம் சரிவு. ஆகாது." ஆறு வருடம், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி: "மறுபடி பார்க்கணும்."

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அக்கா மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்போதுதான் முழுதாகச் சொன்னார். வெயிலில் நாலு மணி நேரம். அக்காவுக்குச் சிறுநீரை அடக்க முடியாத தொந்தரவு, முழங்கால் வலி வேறு. சுற்றிலும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. கடைசியில் புடவையிலேயே போய்விட்டது. அதோடுதான் அடுத்த பஸ்ஸில் ஏறினாராம். நல்லசிவம் சார் தன் சட்டையைக் கழற்றி அக்காவின் இடுப்பில் கட்டிவிட்டு, பனியனோடு ஊர்வரை நின்றுகொண்டே வந்தாராம். அன்று ராத்திரிதான் இனிமே என்னைக் கூப்பிடாதீங்க என்று அக்கா சொன்னது. அவர் ஒரு பதிலும் சொல்லவில்லையாம்.

பதில் நோட்டில் இருந்தது. பார்த்துப்போட்டுச் சொல்லலாம் என்று போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர். எந்தக் கையேட்டையும் நம்பாமல், ஒவ்வொரு படியையும் தானே இறங்கி எண்ணி. இதை வாயைத் திறந்து பெண்டாட்டியிடம் சொல்ல என்ன கேடு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கோளாறும் இல்லை என்று தெரியும்வரை தாளைக் கையை விட்டுக் கொடுக்கமாட்டார். ஆபீஸில் அது கெட்டிக்காரத்தனம். வீட்டில் ஆறு வருடம் ஒருத்தி தன்னை வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பக்கம் லுக்கா.

"ரயிலில் கழிப்பறை உண்டு, திறந்திருக்கிறது. நிலையத்திலிருந்து மதில் வாசல்வரை தட்டையான வழி. வீடு: தரைத்தளத்து அறை. கட்டில் உயரம் சரி. கழிப்பறை அறைக்குள்ளேயே. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. கடிதத்தில் எழுதியபடியே எல்லாம் இருக்கிறது. சோறு வடிக்கத் தெரியும், கறி சேர்க்கவேண்டாம் என்று சொல்லியாயிற்று. ருக்குவுக்கு ஆகும். கூட்டிப் போகலாம்." கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் அவர் கையெழுத்து, ஆபீஸ் தாளில் போடும் அதே கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு கோடு, காலியாக. அதற்கும் அடியில் பொடி எழுத்தில் சில வரி.

"வசந்தா பின்னாலேயே வந்தார். சைக்கிள் கடையில் நின்று பார்த்தார். நல்லதாகப் போயிற்று. நான் சொன்னால் ருக்கு நம்பமாட்டாள். இவர் பார்த்துச் சொன்னால் நம்புவாள்."

மறைக்காமல் படி என்று சொல்லியிருந்தார் அல்லவா, படித்தேன். எப்படிப் படித்தேன் என்று தெரியவில்லை. பிறகு வேனில் அன்றைக்கு நான் விட்ட அந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். கண்ணால் காண்பதும் பொய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே வளர்ந்தோம், தீர விசாரிக்காமல் விட்டேனே என்று அழுதேன்.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. போன வருடம் மே மாதம் சாப்பிடும்போது சார், "லுக்கான்னு ஒரு ஊரு இருக்குது. வர்றியா?" என்று கேட்டதைச் சொன்னார். ஏழு வருடத்தில் முதல் தடவை. அக்கா என்ன பதில் சொன்னார் தெரியுமா? "அங்கதான் உங்களுக்கு ஆளு இருக்குதே. நான் எதுக்கு?" என்றாராம். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் யார் பார்த்தது என்று கேட்கிறவர், அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. பார்த்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை இரண்டாவது கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருப்பார். நானும் போயிருப்பேன்.

"அவரு எழுதுன மாதிரியேதான் ஆச்சு அம்மிணி" என்றார் அக்கா. "நீ பாத்துச் சொன்ன. நான் நம்பிப்போட்டேன்."

பிறகு எழுந்து போய் ஒரு பேனாவை எடுத்துவந்து, காலிக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். போடு என்றார். என்னால் முடியவில்லை. அந்த வீட்டை வெளியே நின்றுதான் பார்த்தேன், உள்ளே போகவில்லை, எப்படிப் போடுவேன் என்றேன்.

"அப்ப பாத்துப்போட்டுப் போடு" என்றார் அக்கா.

ஜூலையில் போகிறோம். அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போகிறேன், காரில் கூட்டிப் போகிறேன் என்று மகன் டெக்சாஸிலிருந்து தினமும் போன் செய்கிறான். ரயில்தான், பஸ்தான், அப்பா எழுதி வைத்தபடிதான் என்று அக்கா சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் மூன்று டிக்கெட் எடுக்கவேண்டுமாம். பைக்கு ஒன்று. லுக்கா வீட்டுக்காரம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன், பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அறை கிடைத்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கடைசிப் பக்கத்தின் நகல் ஒன்றுதான். ஆபீஸில், அவர் இருந்த பக்கத்துத் தடுப்பில் குத்தி வைத்திருக்கிறேன். போகிறவர் வருகிறவர் இது என்ன பாஷை என்று கேட்கிறார்கள். பஸ் டிரைவர்களை ஒரு மாதம் பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகே நம்பிய மனிதர், பின்னாலேயே ஒளிந்து வந்த ஒருத்தியை அப்படியே நம்பியிருக்கிறார். அவர் அன்றைக்கு மட்டும் சரியாகச் சோதிக்கவில்லை. அவர் போட்ட கையெழுத்துக்குக் கீழே எனக்கு விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.